யார் பதில் சொல்வது?

வாரத்துக்கு ஒரு மாத்திரைதான். 70 மில்லிகிராம். ஆனால் அதைப் போடுவதற்கு இருக்கும் விதிமுறைகள் நம் வீட்டு அலமாரியில் உள்ள வேறெந்த மாத்திரைக்கும் கிடையாது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போட வேண்டும். வெறும் தண்ணீர்தான், அதுவும் ஒரு முழு டம்ளர். காபி கூடாது, பால் கூடாது, மோரும் கூடாது. விழுங்கியபின் அரைமணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது. உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம். அதனால் அன்றைக்குக் கோலமும் காத்திருக்கும், காபியும் காத்திருக்கும். அறுபது வருஷமாக எழுந்ததும் டிகாக்ஷன் வாசனையில் பொழுது விடியும் ஒரு பெண்ணுக்கு அந்த அரைமணி நேரம் எவ்வளவு நீளமானது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் இருக்கிறது. அலெண்ட்ரோனேட் என்ற இந்த மருந்தை எவ்வளவு சரியாகச் சாப்பிட்டாலும் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. ஒரு வாய் காபி அதையும் குறைத்துவிடும். தவிர, மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்றுவிட்டால் அந்த இடம் புண்ணாகும். அமெரிக்காவில் இதற்கு 1995-இல் அனுமதி கிடைத்தது; மறு ஆண்டே உணவுக்குழாய் புண்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது. அவர்களில் பலர் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கியவர்கள், அல்லது விழுங்கிய கையோடு படுத்தவர்கள். சொன்னபடி சாப்பிட்டால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய பக்கவிளைவு அது.

தவிர்க்க முடியாதவைதான் மக்களைப் பயமுறுத்துகின்றன. மாத்திரை அட்டையோடு வரும் மெல்லிய காகிதத்தை விரித்துப் பார்த்திருப்பீர்கள். மடிப்பு மடிப்பாக விரிந்துகொண்டே போகும். திரும்ப அதே மாதிரி மடித்து உள்ளே வைக்க யாராலும் முடியாது. அதில் நெஞ்செரிச்சல் இருக்கிறது, மூட்டுவலி இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் என்றால், முதல் முறை ஏற்றிக்கொள்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வரும் என்று இருக்கிறது. இதெல்லாம் இரண்டு மூன்று நாள் சங்கதி. இவற்றுக்குக் கீழே இரண்டு வரிகள் உண்டு: தாடையெலும்பு அழுகலாம்; தொடையெலும்பு முறியலாம். எலும்பைக் காக்கக் கொடுக்கும் மருந்து எலும்பையே முறிக்கும் என்று அதே காகிதத்தில் அச்சாகியிருந்தால் எந்தக் குடும்பம்தான் திகைத்து நிற்காது? அந்தத் திகைப்பை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் நியாயம் இருக்கிறது. அது புரிய, எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எலும்பைக் கல்போலக் கிடக்கும் பொருளாக நினைக்கிறோம். அங்கே வேலை ஓய்வதே இல்லை. பழைய காரைவீட்டில் விரிசல் விட்ட இடத்தைச் சுரண்டி எடுக்க ஓர் ஆள், புதிதாகப் பூச ஒரு கொத்தனார் என்று வருஷம் முழுக்க மராமத்து நடப்பதைப் போல, ஒருவகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கின்றன, இன்னொரு வகைச் செல்கள் அந்தக் குழியில் புதிய எலும்பை நிரப்புகின்றன. கரைப்பது சில வாரத்தில் முடிந்துவிடும், நிரப்ப மாதக்கணக்காகும். இப்படியே பத்தாண்டில் ஏறக்குறைய முழு எலும்புக்கூடும் புதிதாகிவிடுகிறது. மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கரைக்கும் செல்களின் கை ஓங்குகிறது. எடுப்பது அதிகம், வைப்பது குறைவு. உள்ளே சல்லடையாகிக்கொண்டே போகும் அந்த நிலைதான் எலும்புப்புரை. வலிக்காது; எதுவும் தெரியாது. கீழே விழும் நாளில்தான் தெரியும்.

பிஸ்பாஸ்போனேட் என்ற மருந்துக் குடும்பம் இங்கேதான் வேலை செய்கிறது. அலெண்ட்ரோனேட்டும் சோலெட்ரோனிக் ஆசிடும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த ரசாயனங்கள் முதலில் மருந்தாக இருக்கவில்லை. தண்ணீர்க் குழாய்களில் சுண்ணாம்பு படியாமல் இருக்கத் தொழிற்சாலைகளில் பயன்பட்டவை. சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃபிளைஷ் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1960-களின் பிற்பகுதியில் இவை எலும்பிலும் வேலை செய்கின்றன என்று கண்டார்கள். மருந்து எலும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். கரைக்க வரும் செல் அதையும் சேர்த்து விழுங்கி முடங்கிப்போகும். எலும்பு கரைவது குறைகிறது, அடர்த்தி நிற்கிறது, முறிவு குறைகிறது.

ஆனால் கரைப்பதும் மராமத்தின் ஒரு பகுதிதானே? தினம் நடந்து, ஏறி, இறங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் விழும் நுண்ணிய விரிசல்களைச் சுரண்டி எடுப்பதும் அதே செல்கள்தான். பல ஆண்டு அவற்றின் கையைக் கட்டிவைத்தால், உடம்பின் பாரம் இழுத்து நிற்கும் தொடையெலும்பின் வெளிப்பக்கத்தில் சிலருக்கு விரிசல் ஆறாமல் சேர்கிறது. ஒரு நாள், விழாமலேகூட, குறுக்கே நேர்கோடாக எலும்பு முறிகிறது. நன்மை செய்யும் அதே வேலைதான் தீமையையும் செய்கிறது. இதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ள வழியில்லை. ஆகவே பயம் கற்பனையில் பிறந்ததில்லை. கேட்க வேண்டியது, எவ்வளவு பேருக்கு, எந்த நிலையில், எதற்கு எதிராக என்பதைத்தான்.

1996-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தத் துறையின் அடித்தளம். ஏற்கனவே முதுகெலும்பில் முறிவு கண்ட 2,027 பெண்களை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு அலெண்ட்ரோனேட்டும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஏறக்குறைய மூன்று ஆண்டு பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு முதுகெலும்பில் புதிய முறிவு. மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேருக்கு. இடுப்பெலும்பு முறிவு நூற்றுக்கு 2.2 பேரிலிருந்து 1.1 ஆனது. இந்தக் கடைசி எண்ணை இரண்டு விதமாகச் சொல்லலாம். இடுப்பெலும்பு முறிவு பாதியாகிவிட்டது என்று சொல்லலாம். நூறு பேர் மூன்று வருஷம் மாத்திரை போட்டால் ஒருவருடைய இடுப்பு தப்பிக்கிறது என்றும் சொல்லலாம். மருந்து விற்பவர் முதலாவதைச் சொல்வார், மருந்தை வெறுப்பவர் இரண்டாவதைச் சொல்வார். இரண்டையும் சேர்த்துக் கேட்டவருக்குத்தான் விஷயம் தெரியும்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். அதே ஆய்வின் அடுத்த பகுதி 1998-இல் வந்தது. முதுகெலும்பு முறிவு இல்லாத 4,432 பெண்கள். அங்கே எலும்பு மிகவும் மெலிந்திருந்தவர்களுக்குத்தான் மருந்து முறிவைத் தடுத்தது. சற்றே மெலிந்தவர்களுக்குக் குறிப்பிட்டுச் சொல்லும்படி பயன் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஏதோ ஒரு முகாமில் குதிகாலை வைத்து ஸ்கேன் எடுத்து, எலும்பு வீக்கா இருக்கு என்று சீட்டு வாங்கி வரும் பெண்ணும், எழுபத்திரண்டு வயதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பெண்ணும் ஒரே மாத்திரையின் முன்னால் ஒரே நிலையில் இல்லை. முதலாமவர் வேண்டாம் என்றால் அது பெரும்பாலும் சரியான முடிவு. இரண்டாமவர் வேண்டாம் என்று சொல்லும் முன் நிறைய யோசிக்க வேண்டும்.

சரி, அந்தத் தொடையெலும்பு? கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பெண்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வந்தது. பத்தாயிரம் வெள்ளைக்காரப் பெண்கள் மூன்று ஆண்டு இந்த மருந்தைச் சாப்பிட்டால் 149 இடுப்பெலும்பு முறிவுகள் தடுக்கப்படுகின்றன, மருந்தால் 2 தொடையெலும்பு முறிவுகள் வருகின்றன. ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு இந்தக் கணக்கு வேறு: தடுக்கப்படுபவை 91, வருபவை 8. இந்த எட்டை மறைத்துவிட்டு மருந்தைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தொடையெலும்பின் வளைவு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். எட்டாண்டுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. மருந்தை நிறுத்தினால் வேகமாக இறங்கவும் செய்கிறது. இவ்வளவுக்குப் பிறகும், ஒரு முறிவு வந்தால் பதினொரு முறிவு தடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

தாடையின் கதை இன்னும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸின் புகையைச் சுவாசித்த பெண்களுக்குத் தாடை அழுகியது. 1888-இல் லண்டனில் அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலையின் பெண்கள் செய்த வேலைநிறுத்தம் வரலாற்றில் இடம்பெற்றது. 1906-இல் பெர்ன் நகரில் சில நாடுகள் ஒன்றுகூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்தன. இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் அதற்குப் பிறகு வந்ததால் நம் பெண்கள் அந்த நோயிலிருந்து தப்பினார்கள். 2003-இல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்கத் தாடை அறுவை மருத்துவர், பிஸ்பாஸ்போனேட் எடுத்துக்கொண்ட 36 பேருக்குத் தாடையெலும்பு வெளியே தெரிந்து ஆறாமல் நின்றதை எழுதியபோது, அந்தப் பழைய நோயோடு அதை ஒப்பிட்டுப் பேசினார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக மாதாமாதம் பெரிய அளவில் மருந்தை நரம்பில் ஏற்றிக்கொண்டவர்கள். எலும்புப்புரைக்காகச் சாப்பிடுபவர்களுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்பதுதான் பொதுவான மதிப்பீடு. பல் பிடுங்கும் வேலை இருந்தால் மருந்துக்கு முன்பே முடித்துக்கொண்டால் அதுவும் குறையும்.

இவ்வளவும் மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பக்கவிளைவுகளைப் பற்றிய செய்திகள் மக்களிடம் பரவியபோது என்ன நடந்தது? அமெரிக்காவில் 2008-க்கும் 2012-க்கும் இடையில் இந்த வகை மாத்திரைகளின் பயன்பாடு பாதிக்கும் கீழே போனது. அதுவரை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்த முதியோர் இடுப்பெலும்பு முறிவு, அதன் பிறகு குறைவதை நிறுத்திக்கொண்டது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் மருந்து தேவைப்படாதவர்கள் மட்டும் அதை விட்டார்கள் என்று நினைக்கவும் முடியவில்லை. கட்டாயம் தேவைப்பட்டவர்களும் விட்டார்கள்.

ஏன் விட்டார்கள் என்பதைக் கும்பகோணத்தில் என் பெரியம்மா வீட்டுக் கூடத்தில்தான் நான் புரிந்துகொண்டேன்.

பெரியம்மா கொல்லைப்பக்கம் ஈரத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. புத்தூர்க் கட்டுக்குப் போகலாமா, மாவுக்கட்டா என்ற விவாதம் முடிந்து, மாவுக்கட்டுப் போட்டு எடுத்தும் ஆகிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் கதை அதோடு முடியும். கட்டு எதுவானாலும் முறிந்த எலும்பைத்தான் கேட்கிறது; ஏன் முறிந்தது என்று கேட்பதில்லை. இங்கே ஒரு மருத்துவர் கேட்டார். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால் உள்ளே பார்க்க வேண்டும் என்று, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு அனுப்பினார். டி-ஸ்கோர் மைனஸ் 3.1. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வைட்டமின் டி குறைவைச் சரிசெய்துவிட்டு வார மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார்.

அன்று இரவே பெரியம்மாவின் மகன், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், போனில் எல்லாவற்றையும் படித்துவிட்டான். அவள் மகள், அக்காவும் படித்தாள். தாடை, தொடை, படங்கள். “அம்மாவுக்குக் கை உறுதியாத்தான் இருக்கு, வழுக்கினா யாருக்குத்தான் உடையாது” என்றாள் அக்கா. ராகி, கறுப்பு எள், முருங்கைக்கீரை, பிரண்டைத் துவையல் என்று பட்டியல் வந்தது. எல்லாம் நல்ல சாப்பாடு, மறுப்பதற்கில்லை. ஆனால் முறிவைத் தடுக்கிறதா என்று ஆயிரக்கணக்கான பெண்களை வைத்துப் பார்த்த ஆய்வு பிரண்டைக்குக் கிடையாது. கால்சியம் மாத்திரை மட்டும் போதாதா, அதில் பக்கவிளைவே இல்லையே என்றார்கள். அதற்கு ஆய்வு இருக்கிறது: 2006-இல், 36,000-க்கும் மேற்பட்ட பெண்கள். கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்துக் கொடுத்ததில் இடுப்பெலும்பு முறிவு உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை. சிறுநீரகக் கல் கொஞ்சம் கூடியது.

இதையெல்லாம் பேசியபிறகு அண்ணன் சொன்னது ஒரே வாக்கியம். “நாம கொடுக்கிற மாத்திரையால நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

அதன் பிறகு கூடத்தில் யாரும் பேசவில்லை. எல்லாருடைய மனத்திலும் இருந்தது அதுதான். மாத்திரையால் ஒன்று நேர்ந்தால் அதற்கு ஒரு தேதி இருக்கிறது, ஒரு சீட்டு இருக்கிறது, சரி கொடுங்கள் என்று சொன்ன ஒரு வாய் இருக்கிறது. மாத்திரை இல்லாமல் ராத்திரி குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தால் அதற்கு யாரும் இல்லை. வயசாச்சு, நேரம் சரியில்லை, ஈரமா இருந்துச்சு. முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே நடப்பவை. மெல்ல மெல்ல ஆள் குட்டையாகி முன்னால் வளைந்து போவதை நாம் முறிவு என்றே எண்ணுவதில்லை, வயதானால் கூன் விழும் என்று விட்டுவிடுகிறோம். செய்ததால் வரும் கெடுதிக்கு முகவரி உண்டு. செய்யாமல் விட்டதால் வரும் கெடுதிக்கு விதி என்று பெயர் வைத்துவிட்டால் முகவரி தேவைப்படுவதில்லை.

இலானா ரிட்டோவ், ஜொனாதன் பேரன் என்ற இரு உளவியலாளர்கள் 1990-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நோயால் குழந்தை இறக்கும் வாய்ப்பைவிடத் தடுப்பூசியால் இறக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று தெளிவாகச் சொன்ன பிறகும், ஊசி வேண்டாம் என்றவர்கள் பலர். தன் கையால் நடக்கும் ஒரு மரணம், தன் கையில்லாமல் நடக்கும் பல மரணங்களைவிட அவர்களுக்குக் கனமாக இருந்தது. இதை மடமை என்று சிரிக்க என்னால் ஆகாது. கை செய்ததற்குக் கை பொறுப்பு என்ற உணர்வு இல்லாவிட்டால் மனிதர் ஒருவரோடு ஒருவர் வாழ முடியாது. ஆனால் அந்த நல்ல உணர்வு ஒரு நோயாளியின் படுக்கை அருகே வந்து உட்கார்ந்ததும் திசை மாறிவிடுகிறது. அவருக்கு எது நல்லது என்று தொடங்கிய யோசனை, நம் மேல் எது வராது என்று முடிகிறது. பக்கவிளைவை எடைபோடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வீடுகளில் பெரும்பாலும் எடைபோடப்படுவது நமக்கு வரக்கூடிய பழி. மருத்துவர்களிடமும் இது உண்டு; வம்பு எதற்கு என்று கால்சியத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த அமைதியைப் பெரியம்மாதான் கலைத்தாள். அதுவரை ஊஞ்சலில் உட்கார்ந்து, இன்னும் முழுசாக மடங்காத வலது கை விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.

“மாத்திரை போட்டா என்ன ஆகும்னு எல்லாரும் படிச்சிட்டீங்க. போடாம விழுந்தா என்ன ஆகும்னு உங்க யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும்.”

அவளுக்குத் தெரியும். அவளுடைய மாமியார், இதே வீட்டில், நிலைப்படி தடுக்கி விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தவர். அந்தக் காலத்தில் அந்த வயதில் அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். கூடத்து மூலையில் கயிற்றுக் கட்டில், மேலே ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய எட்டுமுழ வேட்டியை நாலாக மடித்துப் போட்ட விரிப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியும்தான். தனி ஆளாகப் புரட்ட முடியாது. விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் உடம்பு தானாகத் திரும்பும் என்று அவளாகக் கண்டுபிடித்தாள். அப்படியும் வால் எலும்பு ஓரத்தில் தோல் சிவந்து, பிறகு கறுத்து, பிறகு திறந்துகொண்டது. அந்தப் புண்ணுக்குள் தன் கட்டைவிரல் நுழையும் என்று பெரியம்மா விரலைக் காட்டினாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசி மாதங்களில் அந்த மாமியார் தண்ணீர் குடிக்க மறுத்தார். குடித்தால் மருமகளைக் கூப்பிட வேண்டுமே என்று.

இதைச் சொல்லிவிட்டு, “எனக்குச் சாவு பயம் இல்லடா. ராத்திரி எழுந்து நானே பாத்ரூம் போகணும். அது போச்சுன்னா எனக்கு எல்லாம் போச்சு. என்னைக் கேட்காம என் காலுக்குக் கணக்குப் போடுறீங்களே” என்றாள்.

இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறக்கிறார் என்பதும், பிழைப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை என்பதும் புத்தகங்களில் இருக்கின்றன. இன்று அறுவைச் சிகிச்சை இருக்கிறது. மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறார்கள். ஆனாலும் அந்த எண்ணிக்கை இன்னும் அங்கேதான் நிற்கிறது. அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் மருந்தின் கெடுதியைப் படம் பார்த்து அறிந்தவர்கள் இருந்தார்கள். முறிவின் கெடுதியைக் கையால் தொட்டு அறிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அவளைத்தான் யாரும் கேட்கவில்லை.

பத்தாயிரத்தில் எட்டு, நூற்றில் ஒன்று என்ற எண்கள் எல்லாம் கூட்டத்தைப் பற்றியவை. எந்த எட்டுப் பேர், எந்த ஒருவர் என்று அவை சொல்லாது. சொல்லாத இடத்தில் முடிவெடுக்க, தனக்கு எதை இழந்தால் தாங்காது என்று அறிந்த ஒருவர் வேண்டும். தாடையில் ஆறாத புண்ணோடு வாழ்வது அதிகம் தாங்க முடியாதது என்று ஒருவர் நினைக்கலாம். பற்கள் மோசமாகி நிற்பவருக்கு அது நியாயமான நினைப்பு. புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவருக்கு வேறு கணக்கு. பிறர் கையை எதிர்பார்த்துப் படுத்திருப்பது பெரியம்மாவுக்குத் தாங்காது. மருத்துவ எண்கள் எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் இந்த அளவுகோல் அவற்றுக்கு வெளியே, நோயாளியிடம் மட்டுமே இருக்கிறது. அவரைக் கேட்காமல் பிள்ளைகள் எடுக்கும் முடிவு, ஆம் என்றாலும் இல்லை என்றாலும், அளவுகோல் இல்லாமல் எடுத்த முடிவு. அன்பினால் எடுத்தாலும் அப்படித்தான்.

பதில் சொல்வது யார் என்ற அண்ணனின் கேள்விக்கு அன்று விடை கிடைத்தது. பெரியம்மா தானே மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் கேட்டாள். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை முதலில் எடுத்து, ஈறு ஆறும்வரை காத்திருந்தாள். வயிற்றுக்கு ஒத்துவராவிட்டால் வருஷாந்திர டிரிப்ஸ் இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைப் பற்றியும் மருத்துவர் சொன்னார்: நல்ல மருந்து, ஆனால் தவணை தவறினால் அடக்கிவைத்த கரைப்பு மொத்தமும் வேகமாகத் திரும்பி, சிலருக்கு முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கும், ஊர் ஊராகப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வருபவர் தவணை தவறுவாரா மாட்டாரா என்று யோசித்துத்தான் அதை ஆரம்பிக்க வேண்டும். அவள் மாத்திரையைத் தேர்ந்தாள். கொல்லைக்குப் போகும் வழியில் ராத்திரி விளக்கு, வழுக்காத தரை, கைப்பிடி என்று பக்கவிளைவே இல்லாத வேலைகளை அக்கா முன்னின்று செய்தாள். பெரியம்மா தன் கண்புரை அறுவையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததும் அதோடு முடிந்தது.

மருத்துவர் இரண்டு விஷயத்தை அழுத்திச் சொன்னார். தொடையிலோ கவட்டையிலோ காரணமில்லாத மந்தமான வலி வாரக்கணக்கில் இருந்தால், வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே வந்து இரண்டு காலுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த முறிவு பலருக்கு முன்கூட்டியே வலித்துச் சொல்கிறது, ஒரு காலில் இருந்தால் மறு காலிலும் இருக்கலாம். இரண்டாவது, இது ஆயுசுக்கும் சாப்பிடும் மாத்திரை இல்லை. மருந்து எலும்பிலேயே ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. ஐந்தாண்டு சாப்பிட்டு நிறுத்தியவர்களையும் பத்தாண்டு தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வந்தது. நிறுத்தியவர்களில் வலியோடு தெரியவந்த முதுகெலும்பு முறிவு நூற்றுக்கு 5.3, தொடர்ந்தவர்களில் 2.4, மற்ற முறிவுகளில் பெரிய வேறுபாடு இல்லை. அதனால் பலர் ஐந்தாம் ஆண்டு நிறுத்தி இடைவெளி விடலாம், முதுகெலும்பு பலவீனமாக உள்ளவர்கள் தொடரலாம்.

“அப்ப நான் எந்தப் பக்கம்?” என்று பெரியம்மா கேட்டாள். ஐந்தாம் ஆண்டு ஸ்கேன் எடுத்து, அதுவரை விழுந்தீர்களா, உயரம் குறைந்ததா என்று பார்த்துவிட்டு, மறுபடி உங்களிடமே கேட்டுத்தான் சொல்வேன் என்றார் அவர். வெளியே வந்ததும் சுவரோரம் நிற்க வைத்து உயரத்தை அளந்து சீட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.